ஜீப்பில் கட்டிய பள்ளம்

எதிர் மலை வருவதற்கு முன்னால், எதிர் மலை வந்ததற்குப் பின்னால் என்றுதான் கொடிக்கால்மேட்டில் இன்றைக்கும் காலத்தைச் சொல்கிறார்கள். அதைச் சொல்லும்போது யாரும் குரலை உயர்த்துவதில்லை, கண்ணை விரிப்பதில்லை, போன வருசத்து மழையைப் பற்றிச் சொல்கிற அதே சாவகாசத்தோடுதான் சொல்கிறார்கள். மரம் இழுக்கிற வின்ச்சு ஜீப்பின் சொந்தக்காரன் திரவியம் ஒருவனுக்கு மட்டும் அந்தப் பேச்சை எடுத்தாலே கால் தானாக எதையோ மிதிக்கும்.

மலை வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் கொடிக்கால்மேடு, அந்தப் பக்கம் கருங்கரடு, நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நரிப்பள்ளம். இந்த ஊரில் தார்ச்சாலையும் ரேசன் கடையும் உண்டு, அந்த ஊரில் பிரசவம் பார்க்கிற நர்சம்மா உண்டு. இங்கே கத்தினால் அங்கே கேட்கும், ஆனால் போய்ச் சேர வேண்டுமென்றால் மலையைச் சுற்றி இறங்கி, பஸ் மாறி, மறுபடி ஏறி, ஒரு பகல் முழுக்கத் தீர்ந்துவிடும். அதனால் இரண்டு ஊர்களும் வசவில் மட்டும் நெருக்கமாக இருந்தன. பள்ளத்தின் அடியில், ஓடைக்கரையில், ஒரே ஒரு ஓட்டு வீடு, ஒரு சௌசௌப் பந்தல், சில எருமைகள், அவற்றோடு திரவியத்தின் அக்கா குருவம்மா. அவள் இந்த ஊரில் பிறந்து அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். புருசன் செத்த அன்றைக்கு அந்த ஊர், "உங்க ஊருப் பொண்ணு, கூட்டிட்டுப் போங்க" என்றது, இந்த ஊர், "கட்டிக் குடுத்தாச்சு, இனி உங்க வீட்டு ஆளு" என்றது, இரண்டு ஊரும் பள்ளத்துக்கு மேலாகவே அவளை இப்படியும் அப்படியும் தூக்கிப் போட்டுப் பேசிக்கொண்டிருக்க, அவள் தன் பானை சட்டியை எடுத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் இறங்கினாள், இறங்கியவள் இறங்கியவள்தான். அவளுடைய எருமைப்பால் மேலே வரும், அவள் வர மாட்டாள்.

திரவியத்தின் பிழைப்பு அவனுடைய ஜீப்பின் முன் பம்பரில் இருந்தது. பேட்டரியில் ஓடுகிற வின்ச்சு, அதன் உருளையில் சுற்றிய இரும்புக் கம்பி வடம், வடத்தின் நுனியில் கொக்கி, கைக்குள் அடங்குகிற ரிமோட்டு. காப்பித் தோட்டங்களில் வெட்டிச் சாய்த்த சில்வர் ஓக் மரத் தடிகளைச் சரிவிலிருந்து இழுத்து மேலே கொண்டுவருவான், லாரியின் பக்கவாட்டில் இரண்டு கழிகளைச் சாய்த்துவைத்து, வடத்தை லாரிக்கு மேலாகக் கொடுத்து, தடியை உருட்டி ஏற்றுவான். வடம் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி ஆளை வெட்டும் என்பதால் அதன் நடுவில் எப்போதும் ஒரு ஈரச் சாக்கு தொங்கும். ஜீப்பின் பின்னால் சங்கிலி போட்டு ஏதாவது ஒரு அடிமரத்தில் கட்டாமல், சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்காமல், அவன் பட்டனைத் தொட்டதே கிடையாது.

இன்னொன்றும் செய்யாமல் தொட்டது கிடையாது. அந்த மலைகளில் தடி இழுக்கிற எல்லாருக்கும் அது வழக்கம். இழுப்பதற்கு முன்னால் தடியைக் கேட்க வேண்டும். வின்ச்சுக்காரன் "வர்றியா?" என்று கத்துவான், கொக்கி மாட்டியவன் தடிக்குப் பக்கத்தில் நின்று, தடிக்குப் பதிலாக "வர்றேன்" என்று கத்துவான். கேட்காமல் இழுத்த தடி உருண்டு யாருடைய காலையாவது வாங்கும். இதை நம்பாதவர்கள் அந்த மலையில் இருந்தார்கள், அவர்கள்தான் நொண்டிக்கொண்டு நடப்பவர்கள்.

அன்றைக்குக் கருங்கரட்டுச் சரிவில் விழுந்து கிடந்த சில்வர் தடிகளைப் பள்ளத்துக்கு மேலாக இந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று மர கான்ட்ராக்டர் சிங்கத்துரை சொல்லியிருந்தார். அவர் எதைச் சொன்னாலும் "அதாவது" என்று தொடங்கி, "புரியுதா இல்லையா" என்று முடிப்பார், நடுவில் இருப்பதுதான் பல சமயம் புரியாது. "அதாவது அந்தப் பக்கம் ரோடு இல்ல, இந்தப் பக்கம் ரோடு இருக்கு, புரியுதா இல்லையா?" வடத்தோடு வடம் சேர்த்து நீளமாக்கி, கொக்கிக்காரன் அமல்ராசு அதை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, குருவம்மா வீட்டில் மோர் குடித்து, அந்தப் பக்கம் ஏறி, முதல் தடிக்குச் சங்கிலி போட்டான். அமல்ராசுக்கு அன்றைக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் பன்னு மாதிரி புடைத்து, வாய்க்குள் கிராம்பும் பஞ்சும் திணித்திருந்தது. வாயைத் திறக்க முடியாத மனுசன் கத்துவது எப்படி? அவன் கையைத் தூக்கிக் காட்டலாம் என்று நினைத்திருந்தான்.

"வர்றியா?" என்று திரவியம் கத்தினான்.

அமல்ராசு கையைத் தூக்குவதற்கு முன்னால், அமல்ராசின் குரலிலேயே, அவன் கோயிலில் பாடும்போது மட்டும் வருகிற அந்தக் கணீர்க் குரலிலேயே, "வர்றேன்" என்று பதில் வந்தது. திரவியம் பட்டனை அழுத்தினான். வடம் இறுகியது, சாக்கு துள்ளியது, உருளை சுற்றியது. தடி அசையவில்லை. தடி கிடந்த சரிவு வந்தது, சரிவில் நின்ற மரங்கள் வந்தன, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மேய்ந்தபடியே வந்தன, கருங்கரட்டின் ஓட்டு வீடுகளும் தண்ணித்தொட்டியும் துணி காய்கிற கொடிகளும் ஒன்றையொன்று இடிக்காமல் வரிசையாக வந்தன, எல்லாவற்றுக்கும் முன்னால் கன்னம் வீங்கிய அமல்ராசு தூக்கிய கையோடு வந்துகொண்டிருந்தான். மோட்டார் சூடாகி நாற்றமடித்தபோது திரவியம் கையை எடுத்தான். மலையும் நின்றது. முன்பு கடுகு மாதிரி தெரிந்த அமல்ராசு இப்போது கொய்யாப்பழம் மாதிரி தெரிந்தான்.

"மாப்ள," என்று பஞ்சைத் துப்பிவிட்டு அங்கிருந்து கத்தினான் அவன், "நான் வாயே தொறக்கலடா!"

ஆச்சரியப்பட வேண்டியவர்கள் அந்த இரண்டு பேர்தான், அவர்களும் சங்கிலியைக் கழற்றுகிற வேலையில் அதை மறந்துபோனார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு ஊர்களும் விளிம்புக்கு வந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, பக்கத்தில் வந்த மலையைப் பற்றிப் பேசாமல், பக்கத்தில் வந்ததால் தெரிந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தன. "அட, அந்த வீட்டுக்குப் பச்ச பெயின்ட்டா அடிச்சிருக்காங்க? நான் இத்தன நாளா ஊதான்னு நெனச்சேன்." நில அளவைக்காரர் ஒருவர் வந்து, சங்கிலி பிடித்து, கருவியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்து, வரைபடம் சரியாகத்தான் இருக்கிறது, மலைதான் தப்பாக இருக்கிறது என்று சொல்லி, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். கருங்கரட்டுக்குப் பின்னால் இருந்த ஊரிலிருந்து, எங்கள் ஊரை ஒட்டிப் புதிதாகப் பொட்டல் ஒன்று விழுந்திருக்கிறது, அதில் யார் மாடு மேய்ப்பது என்று கேட்டு ஆள் வந்தது. வந்த ஆளுக்கும் ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

கருங்கரட்டின் வார்டு மெம்பர் மரகதம் வெறும் கோழியை விரட்டினாலும் மைக் முன்னால் நிற்கிற மாதிரித்தான் விரட்டுவாள். அவள் விளிம்பில் நின்று இந்தப் பக்கம் பார்த்து, "கொடிக்கால்மேட்டு வாழ் பெரியோர்களே, தாய்மார்களே, இன்னும் கொஞ்சம் இழுத்தால் இரு ஊர் மக்களும் நடந்தே போய்வரலாம் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றாள். சிங்கத்துரை திரவியத்தின் தோளில் கையைப் போட்டார். "அதாவது, மலையவே இழுத்துட்டா தடிய ஏன் இழுக்கணும்? லாரி அங்கயே போயிரும். புரியுதா இல்லையா?"

புரிந்தது. திரவியத்துக்கு அதற்கு மேலும் புரிந்தது. மலை வந்தால் பள்ளம் சுருங்கும், பள்ளத்தில் அக்கா இருக்கிறாள்.

இருந்தாலும் இழுத்தான். ஊர் கேட்டது, சிங்கத்துரை கேட்டார், எல்லாருக்கும் மேலாக அமல்ராசு கேட்டான். அவன் பெண்சாதி ரோஸ்லினுக்கு நிறைமாதம், முந்தின பிள்ளை நர்சம்மாவிடம் போகிற வழியில், பஸ்சிலேயே, தங்காமல் போயிருந்தது. "இன்னும் கொஞ்சந்தான மாப்ள" என்று அவன் கேட்டபோது திரவியத்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வடத்தைக் கொண்டுபோய் அதே தடியில் கொக்கி போட்டார்கள், ஒவ்வொரு முறையும் வர்றியா என்று கேட்டான், ஒவ்வொரு முறையும் அமல்ராசின் குரலில் மலை வர்றேன் என்றது. முதலில் யோசித்துச் சொன்னது. பிறகு உடனே சொன்னது. பிறகு அவன் "வர்" என்று தொடங்கும்போதே "வர்றேன் வர்றேன்" என்று முண்டியடித்தது, பஸ்சில் இடம் போடுகிறவனைப் போல.

ஊர் அதற்கும் பழகியது. ரோஸ்லின் வாசலில் நின்று, "ஏங்க, தண்ணி எடுத்துட்டு வர்றீங்களா?" என்று புருசனைக் கேட்டால் எதிரிலிருந்து மலை வர்றேன் என்றது, அமல்ராசு குடத்தோடு பாதி வழியில் நின்று, "அடியே, நான் சொல்லலடி" என்றான். எதற்கு வம்பு, வடம் இல்லாமலேயே கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு ஊரும் கூடிப் பேசி, யாரும் யாரையும் வா என்று கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்கள், "அங்க உனக்கு என்ன வேல?" என்றார்கள், விருந்தாளியை, "ஏன் வெளியிலயே நிக்கிறீங்க?" என்றார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவர்கள் தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டினார்கள். முன்பு பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவரையொருவர் வம்சத்தோடு திட்டியவர்கள் இப்போது எதிராளியின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்த்துக்கொண்டு திட்டினார்கள், பிறகு கருவேப்பிலை கேட்டார்கள். ஒரு ஊர்ச் சேவல் கூவினால் மற்ற ஊர்ச் சேவல் நேரடியாகப் பதில் சொன்னது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, குனிந்து பார்க்காதவரைக்கும்.

திரவியம் குனிந்து பார்த்தான். பள்ளத்தின் இரண்டு பக்கமும் சௌசௌப் பந்தலைத் தொட்டுவிட்டன. உச்சிவேளையில் மட்டும் ஒரு கோடு வெயில் அக்காவின் வாசலில் விழுந்து, அவள் அதில் வடகத்தைப் பரப்புவதற்குள் ஓடிப்போனது. ஓடை ஒடுங்கியதால் தண்ணீர் உயர்ந்து படியைத் தொட்டது. எருமைகளுக்குத் திரும்ப இடமில்லை. தண்ணீர் குடிக்கப் போன எருமை குடித்துவிட்டு அப்படியே பின்னால் நடந்து வந்தது, லாரியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி, குருவம்மா அதன் வாலைப் பிடித்துக்கொண்டு "வரலாம், வரலாம், லெப்ட்டு ஒடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். திரவியம் சிரிக்காமல் வீட்டுக்குப் போனான். தூக்கத்திலும் அவன் கட்டைவிரல் தானாக அழுத்திக்கொண்டிருந்தது, விழித்துக்கொண்டு, எதை இழுத்தோம் என்று தேடினான்.

கடைசி இழுப்பு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. இனி இரண்டு மலையும் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. மரகதம் திறப்பு விழாவுக்குப் பேச்சு தயாரித்துவிட்டாள். அக்காவை மேலே ஏற்றுவது தம்பியின் பொறுப்பு என்று இரண்டு ஊரும் ஒரே குரலில் சொல்லின, அவர்கள் ஒரே குரலில் சொன்ன முதல் விசயம் அதுதான்.

ஞாயிறு காலையில் அவன் பக்கவாட்டாக நடந்து பள்ளத்தில் இறங்கினான், நேராக இறங்க இடமில்லை. குருவம்மா அம்மிக்கல்லில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"க்கா, எந்திரி. சாமானெல்லாம் கட்டு. எருமைய நான் புடிச்சுக்கறேன்."

"அதாவது," என்றாள் அவள், கன்னத்தை உள்ளிழுத்து, சிங்கத்துரை குரலில், "குருவம்மா இருந்தா ரோடு இல்ல, குருவம்மா இல்லன்னா ரோடு இருக்கு, புரியுதா இல்லையா?"

"வெளையாடாதக்கா."

"இதன் மூலம் தெரிவிப்பது யாதெனில்," என்றாள், இப்போது மரகதம், "இந்தப் பொம்பளைய எங்க வைக்கிறது என்பதை இரு ஊர் மக்களும் பிற்பாடு கலந்து பேசி..." பூண்டுத் தோலை ஊதிவிட்டாள். "எங்க போயி இருக்கச் சொல்றாங்க? உன் வீட்லயா? உன் பொண்டாட்டிகிட்டக் கேட்டியா?"

அவன் கேட்கவில்லை.

"அமலு பொண்டாட்டிக்கு நாள் நெருங்கிருச்சுக்கா. போன தடவ பஸ்ல... உனக்கே தெரியும்."

"தெரியும். அது பொறக்கணும். நான் மாட்டேன்னு சொன்னனா?" அவள் குரல் இப்போது யாருடையதாகவும் இல்லை, அவளுடையதாகத்தான் இருந்தது. "ஏன்டா திரவி, ஒரு கட்டைய இழுக்கக் கேக்கறீங்க. மலையக் கேக்கறீங்க. அது சொல்லுதோ சொல்லலையோ, வாயத் தொறந்து கேக்கறீங்க. அன்னைக்கு எம்புருசன் செத்தப்ப ரெண்டு ஊருல ஒருத்தன் என்னையக் கேட்டானா? இப்ப நீ எறங்கி வந்தியே, நீ கேட்டியா? எந்திரிங்கிற."

அவன் வாயைத் திறந்தான். எருமை ஒன்று பின்னால் நடந்து வந்து அவன் முதுகில் இடித்தது.

"இங்க நின்னு கேக்காத," என்றாள் அக்கா. "அவனுங்க முன்னால கேளு."

மேலே ஏறியபோது இரண்டு விளிம்பிலும் தலைகள் தேங்காய் அடுக்கினதுபோல் இருந்தன. வடம் எதிர்ப்பக்கத்துத் தடியில் தயாராக மாட்டியிருந்தது. திரவியம் வடத்தைத் தளர்த்தி, "அமலு, கொக்கியக் கழட்டு" என்றான்.

"அதாவது எதுக்கு?" என்றார் சிங்கத்துரை.

"மலைய இழுக்கல. பள்ளத்த இழுக்கப் போறேன். கேட்டுப் பாக்கறேன்."

கூச்சல் எழுந்தது. பள்ளம் என்ன தடியா, எங்கே கொக்கி போடுவாய், ஜீப்பு கவிழும், வின்ச்சு வெடிக்கும், அக்காவைக் கொல்லப் போகிறாய் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியாகச் சொன்னவர்கள் சொன்னது திரவியத்துக்கும் நியாயமாகப் பட்டது. பக்கவாட்டில் இழுத்தது இழுத்த இடத்தில் கிடக்கும். மேலே தூக்கியது? தடியைத் தூக்கினால் லாரி தாங்கும். பள்ளத்துக்குக் கீழே எந்த லாரி? அமல்ராசுதான் முதலில் அசைந்தான். ஒரே ஒரு பட்டன் தூரத்தில் நர்சம்மா இருந்தாள், தடியில் கொக்கி இருந்தது, பக்கத்தில் ரோஸ்லின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். "குருவம்மாக்கா மோருல பாதி நான் குடிச்சதுங்க" என்றாள் ரோஸ்லின், அவ்வளவுதான். அமல்ராசு ஒரு கழியை நீட்டி, எதிர்ப்பக்கத் தடியிலிருந்து கொக்கியைக் கழற்றி இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கவாட்டாகப் பள்ளத்துக்குள் இறங்கினான்.

விளிம்பில் நின்ற பலா மரத்தில் கப்பியைத் தொங்கவிட்டு வடத்தை அதன் வழியாகக் கீழே கொடுத்தார்கள். ஜீப்பின் பின்னால் சங்கிலியை இரட்டையாகப் போட்டார்கள். இஞ்சினை ஓடவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, திரவியம் விளிம்பில் நின்றான். அமல்ராசு கீழே வீட்டு நடுத்தூணில் சங்கிலியைச் சுற்றிக் கொக்கியைப் போட்டான். அவனுடைய பல்வலி எப்போதோ போய்விட்டது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை, இது அவன் பதில் சொல்கிற இடமில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"வர்றியா?" என்றான் திரவியம்.

"வர்றேன் வர்றேன்!" என்றது மலை.

"உன்னையக் கேக்கல!"

அவன் கத்திய கத்தலில் பலா இலைகள் உதிர்ந்தன. மலை முதன்முறையாக வாயை மூடியது. சேவல்கள்கூட மூடின.

"க்கா," என்றான், பள்ளத்தைப் பார்த்து, இரண்டு ஊரும் கேட்க. "குருவம்மாக்கா. வர்றியா?"

குருவம்மா எழுந்தாள். உரித்த பூண்டை டப்பாவில் போட்டு மூடினாள். அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். எருமைகளை ஒவ்வொன்றாகக் கட்டினாள், ஒன்றுக்கு முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டினாள். கொடியில் கிடந்த சேலையை எடுத்து மடித்தாள், மடிப்பு கோணலாக இருந்தது, உதறி மறுபடி மடித்தாள். மேலே இஞ்சின் புகையை விட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று திரவியம் பயந்தான், சரி என்று சொல்லிவிடுவாள் என்று அதைவிடப் பயந்தான், வியர்வையில் ரிமோட்டு வழுக்கியது, அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். வேண்டாம் என்றால் கொக்கியைக் கழற்றிவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு, இந்த ஊர்களின் கண்ணில் படாமல் எங்கேயாவது போய்விடுவது என்று மனசுக்குள் முடிவெடுத்திருந்தான், ரோஸ்லினின் வயிற்றைப் பார்த்ததும் அந்த முடிவும் வழுக்கியது.

அக்கா அம்மிக்கல்லில் போய் உட்கார்ந்தாள்.

"வர்றேன்," என்றாள். "மெதுவா இழு. பால் பான மேல இருக்கு."

அவன் அழுத்தினான். வடம் பாடியது. அது வரை யாரும் கேட்டிராத ஒரு மெல்லிய ஓசை, கொசு காதருகில் வருவதைப் போல, பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பலாக் கிளை வளைந்தது, ஜீப்பின் மூக்கு தரையை முத்தமிட்டது, பின்சக்கரம் கல்லிலிருந்து எழும்பி அந்தரத்தில் நின்றது, சங்கிலி அடிமரத்தின் பட்டையைத் தின்றது. பிறகு பள்ளத்திலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று மேலே வந்து எல்லாருடைய வேட்டியையும் சேலையையும் தூக்கியது. பள்ளம் கிளம்பிவிட்டது. முதலில் சௌசௌப் பந்தல் வந்தது, காய்கள் ஆடிக்கொண்டு. பிறகு ஓடு. பிறகு கொம்புகள், கொம்புகளுக்குக் கீழே கலவரமில்லாத எருமை முகங்கள். பிறகு ஓடை, போகிற இடம் தெரியாமல், தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலம்பிக்கொண்டு. தூணைக் கட்டிப்பிடித்து, கண்ணை மூடி, அமல்ராசு. கடைசியாக அம்மிக்கல்லில் குருவம்மா, மடியில் பால் பானை, முகத்தில் பஸ்சில் ஜன்னல் ஓரம் கிடைத்தவளின் இறுக்கம். விளிம்புக்கு இடுப்பளவு கீழே வந்தபோது வின்ச்சு ஒரு முக்கல் முக்கியது, புகைந்தது, நின்றது. அதற்கு மேல் அது இழுக்கவில்லை. ஜீப்பு விளிம்புக்கு வழுக்காமல் இருக்க, திரவியம் அதற்குள் பாய்ந்து பிரேக்கை மிதித்தான்.

வடம் பாட்டை நிறுத்தவில்லை. வின்ச்சைத் தளர்த்தினால் பள்ளம் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்ததால், கொக்கியைக் கழற்றலாமா என்று யாரும் கேட்கவில்லை. மரகதம் தயாரித்து வைத்திருந்த பேச்சில் பாதியைச் சொல்லி, "ஆகவே" என்று வந்த இடத்தில் வடத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதென்றால் இப்போது குருவம்மா வாசலில் இறங்கி, அவள் பந்தலுக்கு அடியில் குனிந்து, எருமைகளைச் சுற்றி, அந்தப் பக்கம் ஏற வேண்டும். அவ்வளவுதான் தூரம். ஆனால் முதல் ஆளாக யாரும் இறங்கவில்லை. லாரி போகுமா என்று சிங்கத்துரை கேட்கவே இல்லை. "அதாவது..." என்றார், வடத்தில் துடிக்கிற ஈரச் சாக்கைப் பார்த்தார், "புரியுது" என்றார்.

குருவம்மா பானையை இறக்கி வைத்துவிட்டு, இத்தனை வருசத்துக்குப் பிறகு முதன்முறையாக விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைத்து, ஒரு டம்ளர் பாலோடு ஜீப்புக்கு வந்தாள்.

"குடி. மொகமெல்லாம் செத்துப்போயி கெடக்கு."

"வடம் தாங்குமான்னு தெரியலக்கா."

"தாங்கலன்னா?"

"நீ கீழ போயிருவ."

"நான் எங்க போவேன், என் வீட்டுக்குத்தான போவேன்," என்றாள் அவள். தலையைத் திருப்பி, விளிம்பில் தயங்கித் தயங்கி நிற்கிற இரண்டு ஊரையும் பார்த்தாள். "அப்ப என் வாசல்ல நடக்குறவங்களும் கூட வருவாங்க. அதான் அவங்களுக்கு இன்னைக்குக் கால் வரல."

பால் சூடாக இருந்தது. அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் குடித்தான்.

அதற்குப் பிறகு அவனுக்குச் சாப்பாடு ஜீப்புக்கே வந்தது, ஒரு நாள் இந்த ஊரிலிருந்து, ஒரு நாள் அந்த ஊரிலிருந்து. மழைக்கு மேலே தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். அவன் தூங்குகிற நேரத்துக்குப் பிரேக்கில் கால் மாற்றிக்கொள்ள அமல்ராசு வந்தான். வின்ச்சுக்கு எண்ணெய் போட, சங்கிலியைத் தட்டிப் பார்க்க, வடத்தில் பிரிந்த இழை ஏதும் உண்டா என்று தடவிப் பார்க்க, கேட்காமலே ஆட்கள் வந்தார்கள். இரண்டு ஊரிலும் ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற பழக்கம் மெல்ல நின்றுபோய், போகிறவர் வருகிறவர் எல்லாரும் விளிம்பில் ஒரு நொடி நின்று, "திரவியம், புடிச்சிருக்கல்ல?" என்று கேட்டு, அவன் தலையாட்டியதைப் பார்த்த பிறகே குருவம்மாவின் வாசலில் கால் வைத்தார்கள். வைத்த காலை மெதுவாக வைத்தார்கள். "என்ன, தூங்குற புள்ளயத் தாண்டற மாதிரி நடக்கறீங்க?" என்று அவள் பந்தலுக்கடியிலிருந்து ஒவ்வொருவர் குரலிலும் ஒவ்வொருவரைக் கிண்டல் செய்தாள்.

ரோஸ்லினுக்கு ஒரு முற்பகலில் வலி எடுத்தது. எதிர் விளிம்பில் நர்சம்மா பையோடு நின்றுகொண்டிருந்தாள், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்பதுபோல் அவ்வளவு பக்கத்தில். அமல்ராசு அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். குருவம்மா கீழே தன் வாசலில் நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள். வடம் அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு இழை உயர்ந்த சுருதியில் பாடியது, அல்லது அப்படித் திரவியத்துக்குக் கேட்டது. ரோஸ்லின் ஒரு காலை இறக்கியவள், அந்தரத்தில் அதை அப்படியே நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே," என்றாள், "புடிச்சிருக்கீங்கல்ல?"

அவன் இரண்டு கால்களாலும் மிதித்தான்.

"எறங்கும்மா," என்றான்.